நீராடியபின் எஞ்சுவது யாது?

'கூழானாலும் குளித்துக் குடி. கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் நாட்டில் வழங்கும் முதுமொழி. வறுமை வந்துற்ற காலத்தும் தூய்மையைக் கைவிடலாகாது என்பதே இதன் கருத்து. உண்பது எதுவாயினும் ஆகுக, உடுப்பது எத்துணைப் பழையதாயினும் ஆகுக. உடம்பும் உடையும் அழுக்கின்றி இருத்தல் வேண்டுமென நம் முன்னோர் வற்புறுத்தினர். ஆயின், குளித்தபின் எஞ்சும் பொருளை என் செய்வது என்பதுபற்றி அம்முதுமொழி ஒன்றும் கூறவில்லை. கூறாமைக்குக் காரணம் மறதியன்று. அந்நாளில் எஞ்சியது பெரும்பாலும் ஒன்றும் இல்லாமையே. அரைத்த காயின் சக்கை தென்னையின் அடியிற் சேர்ந்தது. குளித்த நீர் வாழைக்குப் பாய்ந்தது. எண்ணெய் கொணர்ந்த தூக்குப் பாத்திரம் மறுமுறையும் எண்ணெய்க்கே சென்றது. இந்நாளிலோ, குளியல் ஒன்றுக்கு உறை ஒன்று எஞ்சுகின்றது. ஆகவே, அம்முதுமொழியோடு இன்னும் ஒரு வினாவைச் சேர்த்துக்கொள்ள வேண்டியவராயினோம். நீராடியபின் எஞ்சுவது யாது என்பதே அவ்வினா. அதனை எம் விடுதி வாழ்க்கையை முன்னிட்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா என் உள்ளத்தில் தோன்றியது நூல்களைப் படித்ததனால் அன்று. சென்ற ஐப்பசித் திங்களில், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், எம் விடுதிக் குளியலறையின் சலதாரை அடைபட்டு, கணுக்காலளவு நீர் தேங்கி நின்றது. விடுதியைத் துப்புரவு செய்யும் அம்மையார் வந்து, நீண்ட கழியொன்றால் குத்திப் பார்த்தார், நீர் இறங்கவில்லை. பின்னர் முழங்கை வரையிற் கையை உள்ளே விட்டு, அடைத்திருந்தவற்றை ஒன்றொன்றாய் வெளியே எடுத்துப் போட்டார். மயிர்ச்சுருளோடு பின்னிக்கிடந்த ஷாம்புப் பொட்டலங்கள் ஒரு வாளி நிறைய வந்தன. அங்கு நின்ற எங்களுள், அவற்றில் ஒன்றேனும் தன்னுடையது அன்றெனக் கூறத்தக்கவன் ஒருவனும் இலன். யானும் வீசியவனே. அம்மையார் நிமிர்ந்து எங்களை நோக்கி, "தம்பி, நீங்கள் தலைக்குக் குளிக்கிறீர்கள், அழுக்கு என் கைக்கு வருகிறது" என்றார். அவர் சினந்து கூறினாரில்லை. உள்ளதை உள்ளவாறு உரைப்பவர் போலவே கூறினார். அன்று முதல் அச்சொல் என் நெஞ்சைவிட்டு நீங்கிற்றில்லை.

நம் நாட்டார் தலைமுழுகுதற்கும் உடம்பு தேய்த்தற்கும் வழங்கிவந்த பொருள்கள் பலவாகும். சீயக்காய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள் முதலாயவற்றில் முள்ளுடன் படரும் ஒரு கொடியின் காய். மலைவாழ் மக்கள் அதனைத் திரட்டி உலர்த்திச் சந்தைக்கு அனுப்புகின்றனர். அரப்பு என்பது உசிலை மரத்தின் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்தது. மழை குறைந்த நாட்டுப்புறங்களில் இதுவே பெருவழக்கு. பூந்திக்கொட்டையின் மேல்தோல் நீரில் ஊறி நுரைப்பது. பட்டாடைக்கும் பொன்னகைக்கும்கூட அது பயன்பட்டது. இம்மூன்றிலும் சபோனின் என்னும் பொருள் உண்டு. அதன் அணுத்திரளின் ஒரு பகுதி நீரை நாடும்; மற்றொரு பகுதி எண்ணெயை நாடும். ஆகவே அஃது எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றிக்கொண்டு நீரோடு நீராய்ப் போய்விடுகின்றது. சவர்க்காரத்தின் தொழிலும் இதுவே. கடையில் விற்கும் ஷாம்புவின் தொழிலும் இதுவே. சீயக்காயில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஷாம்புவில் நஞ்சு என்று நடுங்கவும் வேண்டியதில்லை. அழுக்கைப் போக்குவதில் இரண்டும் ஒரு வழியையே பின்பற்றுகின்றன. அவை பெரிதும் வேறுபடுவது, வந்து சேரும் கலத்திலேயாம். யான் இங்கு வழக்காட எடுத்துக்கொண்டது அக்கலத்தைப் பற்றியே என்பதனை அன்பர்கள் நினைவிற் கொள்வார்களாக.

ஷாம்பு என்னும் சொல்லும் மேனாட்டிற் பிறந்ததன்று. அழுத்திப் பிசைதலைக் குறிக்கும் இந்திச் சொல்லொன்று ஆங்கிலத்திற் புகுந்து அவ்வுருவம் பெற்றது. பாட்னாவில் 1759-ஆம் ஆண்டிற் பிறந்த ஷேக் தீன் முகம்மது என்பவர், இங்கிலாந்திலுள்ள பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்தலும் கூடிய நிலையம் ஒன்றை நடத்தி, நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்னும் இரு மன்னர்க்கும் 'ஷாம்பு மருத்துவர்' எனப் பணி புரிந்தார். அந்நாளில் அச்சொல் கையின் தொழிலைக் குறித்தது. பின்னர்த் தலையைக் கழுவுதலைக் குறித்தது; அதன்பின் கழுவும் நீர்மத்தையே குறிக்கலாயிற்று. கையைச் சுட்டிய சொல் புட்டியைச் சுட்டுவதாயிற்று. ஒரு சொல்லின் வரலாற்றிலேயே, செய்துகொள்ளும் நிலையிலிருந்து வாங்கிக்கொள்ளும் நிலைக்கு நாம் வந்த வழி புலனாகின்றதன்றோ?

புட்டியிலிருந்த அந்நீர்மத்தைச் சிறு பொட்டலத்தில் அடைத்து எளியோர் கைக்குக் கொணர்ந்த வரலாற்றிலே நம் கடலூருக்குப் பேரிடம் உண்டு. அவ்வூரிற் சிறுதொழில் நடத்திய சின்னிகிருஷ்ணன் என்பவர், செல்வர் துய்க்கும் பொருளைக் கூலியாளும் துய்த்தல் வேண்டும் என்னும் கருத்தினராய், பண்டங்களைச் சிறு அளவில் அடைத்து விற்கும் முறையைக் கையாண்டார். அவர்தம் மைந்தர்கள் அம்முறையை ஷாம்புத் தொழிலிற் பெருக்கினார்கள். அவருள் ஒருவரான சி. கே. ரங்கநாதன் 1983-ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலுடன் தொடங்கிய தொழிலிற் பிறந்த சிக் ஷாம்பு, சிற்றூர்ப் பெட்டிக்கடைதோறும் சரமாய்த் தொங்கலாயிற்று. பொட்டலம் ஒன்று ஐம்பது காசிற்கு விற்ற காலமும் உண்டு.

பொட்டலத்தை இகழ்ந்து பேசுவோர் இவ்வரலாற்றின் அறக்கூற்றை மறத்தல் கூடாது. நாட்கூலி பெறும் ஒருவன் முந்நூறு ரூபாய்ப் புட்டியை எங்ஙனம் வாங்குவான்? அன்றன்றைக்குக் கிடைக்கும் பொருளை அன்றன்றைக்கு வேண்டியதற்குச் செலவிடுதலே அவனுக்கு இயலும். அவன் மகள் பள்ளிக்குத் தலைவாரிப் பூச்சூடிச் செல்வதற்கு ஒரு பொட்டலம் உதவிற்றாயின், அதனைக் குறை கூற யான் யார்? பொட்டலத்தாற் சிறுமையுற்றவன் அதனை வாங்கிய ஏழை அல்லன். ஆயின், மாதந்தோறும் விடுதிக் கட்டணம் செலுத்தி, நூறு பேர் இருநூறு பேராய்க் கூடி வாழும் நமக்கு அக்காரணம் பொருந்துமா? கூடி வாங்கத்தக்க வாய்ப்பு நமக்கு உண்டு. அங்ஙனமிருந்தும், தனித்தனியே கிழித்து வீசுகின்றோம். ஏழைமை காரணமாக ஏழை செய்வதனை, சோம்பல் காரணமாக நாம் செய்கின்றோம்.

இனி, அப்பொட்டலத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். கண்ணுக்கு ஒரே தாள்போல் தோன்றினும், அது பல படலங்களை ஒட்டி அமைத்தது. அச்சுக்கு ஒரு படலம். காற்றும் ஒளியும் புகாதிருக்க அலுமினியப் பூச்சுடைய ஒரு படலம். வெப்பத்தால் ஒட்டி மூடுதற்கு மற்றொரு படலம். இவற்றைப் பிரித்தெடுத்தல் அரிது. பிரித்தாலும் அதனால் வரும் பொருள் சிறிது. அதனால் பழம்பொருள் கொள்வோர் இதனைத் தொடுவதில்லை. பால் உறைக்கு விலையுண்டு; எண்ணெய்ப் புட்டிக்கு விலையுண்டு; தெருவிற் கிடக்கும் ஆணிக்கும் விலையுண்டு. ஷாம்புப் பொட்டலத்திற்கு விலையில்லை. விலையற்றது குனிந்தெடுக்கப்படுவதில்லை, எடுக்கப்படாதது சலதாரைக்கும், சலதாரையிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கும் போகின்றது. 1950-ஆம் ஆண்டு முதல் 2015-ஆம் ஆண்டு வரையில் உலகிற் குப்பையாய்ப் போன பிளாஸ்டிக் ஏறத்தாழ 630 கோடி டன் என்றும், அதனுள் மீண்டும் பொருளாக்கப்பட்டது ஏறத்தாழ 9 விழுக்காடே என்றும் 2017-ஆம் ஆண்டில் அறிவியலார் கணித்து வெளியிட்டனர். எளிதில் உருக்கத்தக்க புட்டிகளையும் உட்படுத்திய கணக்கே இதுவெனின், பல படலப் பொட்டலத்தின் கதி சொல்லவேண்டா.

அரசு இதனைத் தடுக்கவில்லையா என்று சிலர் வினவக்கூடும். நம் தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்தும், இந்திய நாடு முழுவதிலும் 2022-ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்தும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல விலக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டின் பட்டியலிற் காது குடையும் பிளாஸ்டிக் குச்சி உண்டு; இனிப்புப் பெட்டியின்மேற் சுற்றும் மெல்லிய தாள் உண்டு; ஷாம்புப் பொட்டலம் இல்லை. உறையிட்டு விற்போரே அவ்வுறைகளைத் திரட்டும் பொறுப்பை ஏற்றல் வேண்டுமென அவ்வாண்டிலேயே விதி செய்யப்பட்டது உண்மை. எனினும், சலதாரையில் ஒட்டிக்கிடக்கும் பொட்டலத்தை எந்த விதி வந்து பொறுக்கும்? அதனைப் பொறுக்கியது ஓர் அம்மையாரின் கையேயன்றோ?

எம் அளவிற் கணக்கிட்டுப் பார்த்தேன். இருநூறு மாணவர் உறையும் விடுதியில், ஒருவர் வாரத்திற்கு இரு பொட்டலம் வீதம், நாற்பது வாரம் கொண்ட கல்லூரி ஆண்டிற்குப் பதினாறாயிரம் பொட்டலம் ஆகும். ஒன்றன் நீளம் பத்துச் சென்டிமீட்டர் எனக் கொண்டு, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாய் வைத்தால், 1,600 மீட்டர் செல்லும். அஃது ஏறக்குறைய ஒரு மைல். இனி, அப்பதினாறாயிரம் தலைக்குளியலையும் சீயக்காய்த்தூளாற் செய்வதாயின், குட்டை மயிருடைய ஆடவர்க்கு முறைக்குப் பதினைந்து கிராம் போதுமென வைத்துக்கொண்டால், வேண்டுவது 240 கிலோ. ஐம்பது கிலோ மூட்டைகளாயின் ஐந்து மூட்டைக்குள் அடங்கும். மகளிர் விடுதிக்கு இன்னும் மிகுதியாக வேண்டும் என்பது உண்மையே. ஒருபுறம் ஒரு மைல் நீளமுள்ள குப்பை. மறுபுறம் மீண்டும் அரிசிக்கோ பருப்புக்கோ பயன்படும் ஐந்து சாக்குகள். இவ்விரண்டனுள் எது வேண்டும் என்பதே வினா.

நிற்க, இங்ஙனம் கூறுதலால், உடம்பிற்கு வேண்டிய யாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்ளவேண்டும் என்று யான் சொல்வதாகக் கருதவேண்டா. 'இயற்கைப் பொருள்' என்ற பெயர் ஒன்றே போதுமெனக் கருதுவார் கொள்கை எனக்கு உடன்பாடன்று. செங்கற்பொடியாலும் கரித்தூளாலும் பல் துலக்கினோர் பல்லின் மேற்பூச்சு தேய்ந்து கூசியதனை நம் முதியோரே அறிவர். புளூரைடு கலந்த பற்பசை பற்சிதைவைத் தடுக்கும் என்பது பன்முறை ஆராய்ந்து தெளிந்த உண்மை. வீட்டு அடுப்படியில் அதனைச் செய்தல் இயலாது. கண்ணுக்கு இடும் மையில் ஈயம் கலந்திருத்தலும், மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயப்பொருள் கலத்தலும் கண்டறியப்பட்ட கேடுகள். எலுமிச்சைச்சாற்றை முகத்திற் பூசி வெயிலிற் சென்றால் தோல் புண்பட்டுக் கறுத்தலும் உண்டு. காரச்சோடாவைக் கொண்டு சவர்க்காரம் காய்ச்சுதல், பழக்கமும் கையுறையும் இல்லாதார் கண்ணைக் கெடுக்கவல்லது. சவர்க்காரத்தால் கை கழுவுதல் எத்துணை உயிர்களைக் காக்கும் என்பதை 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்று நமக்குக் கற்பித்தது. ஆகவே, பல்லுக்கும் கண்ணுக்கும் நோய்க்கும் உரியவற்றை அறிந்தோர் செய்ததை வாங்குவதே அறிவுடைமை. தலைக்கும் உடம்பிற்கும் உரிய எளிய தூள்களை நாம் செய்துகொள்ளலாம். இப்பாகுபாடு இன்றேல், நல்ல கொள்கையும் நகைப்பிற்கு இடமாகும்.

வீட்டில் செய்தல் என்பதனைப் புகழ்ந்து பேசுவோர் பெரும்பாலும் மறக்கும் மற்றொன்றும் உண்டு. வீட்டில் யார் செய்வது? சென்ற கோடை விடுமுறையில் யான் ஊர் சென்றபோது, இப்புதுக் கருத்தை மிக்க ஆர்வத்தோடு என் ஆச்சியிடம் எடுத்துரைத்தேன். அவர் கேட்டுவிட்டு, "உலக்கை பிடிக்கிற கை எனக்கு, மணக்கிற தலை உங்களுக்கா?" என்று நகைத்தார். எட்டுப் பேர் கொண்ட குடும்பத்திற்குத் தம் இளமை முழுதும் சீயக்காய் இடித்துச் சலித்தவர் அவர். சலிக்குந்தோறும் மூக்கில் ஏறி ஓயாது தும்மல் வரும் என்றும், பொட்டலம் கடைக்கு வந்த நாளில் தாம் மகிழ்ந்ததாகவும் கூறினார். யான் நாணினேன். குப்பையைக் குறைக்கும் சுமையை மறுபடியும் பெண்டிர் முதுகில் ஏற்றுவது சீர்திருத்தம் ஆகாது. அது சலதாரையில் ஒரு பெண்ணின் கையை விட்டு, உரலில் மற்றொரு பெண்ணின் கையைக் கட்டுவதாகும். தலைமுழுகுபவன் எவனோ, அவனே அரைப்பதற்கும் உரியவன். அன்று முதல் அவ்வேலையை யானே மேற்கொண்டேன். ஆச்சி திண்ணையில் அமர்ந்து பிழை திருத்தினார்.

அவர் கற்பித்த முறையை இங்குத் தருகின்றேன். சீயக்காய் ஒரு கிலோ, பாசிப்பயறு கால் கிலோ, வெந்தயம் நூறு கிராம், பூலாங்கிழங்கு ஐம்பது கிராம், உலர்ந்த செம்பருத்தியிலை இரண்டு கைப்பிடி, எலுமிச்சைத்தோல் உலர்ந்தது ஒரு கைப்பிடி. இவற்றை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலிற் காயவைத்தல் வேண்டும். காய் கையால் ஒடித்தால் ஓசையோடு முறியவேண்டும். வளையுமாயின் ஈரம் உண்டென்று பொருள். பின்னர்ச் சீயக்காய் அரைக்கும் இயந்திரமுள்ள ஆலையிற் கொடுத்தால் அரைமணிப்பொழுதில் தூளாகிவிடும். உலக்கை இக்காலத்திற்கு வேண்டுவதன்று. வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு சலித்து, ஈரமில்லாத தகரப்பெட்டியில் மூடி வைத்தால் பல திங்கள் கெடாதிருக்கும். வேண்டும்போது வேண்டுமளவு எடுத்து வெந்நீரிலோ சோறு வடித்த கஞ்சியிலோ குழைத்துக்கொள்க. குழைத்ததை மறுநாளைக்கு வைத்தல் ஆகாது. நீர் சேர்ந்தவுடன் அதில் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்கும். கண்ணிற் பட்டால் மிகவும் எரியும். ஆதலின் தலையைப் பின்சாய்த்துக் கழுவுக. எப்பொருளும் எல்லார்க்கும் ஒவ்வும் என்பதில்லை. தோலில் அரிப்புக் காணின் விட்டுவிடுக. அந்நீரைக் குளத்திலோ ஓடையிலோ விடாது மண்ணில் விடுதல் நன்று. சபோனின் மீனுக்கு நஞ்சாவது.

தூள் கெடாமைக்கும் நீர்மம் கெடாமைக்கும் உள்ள வேறுபாட்டை இங்குக் கருதுதல் தகும். கடை ஷாம்புவின் பெரும்பகுதி நீரே. நீர் இருத்தலால் அது கெடும். கெடாதிருக்கக் காப்புமருந்து வேண்டும். கசியாதிருக்கப் பிளாஸ்டிக் வேண்டும். சுமந்துவர வண்டி வேண்டும். நம் குழாயில் வரும் நீரை விட்டுவிட்டு, எங்கோ ஓர் ஆலையில் அடைத்த நீரை விலைகொடுத்து வாங்கி, அதன் உறையை ஆற்றில் விடுகின்றோம். உலர்ந்த பொருளை வாங்கி நீரை நாமே சேர்த்துக்கொண்டால், இவற்றுட் பெரும்பாலன வேண்டாவாகும். கட்டியாய் வரும் சவர்க்காரமும் இவ்வகையிற் சிறந்ததே. காகிதவுறை ஒன்றே அதற்குப் போதும்.

தஞ்சையிற் பிறந்து, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா, 1945-ஆம் ஆண்டிற் சிறையிலிருந்தபடி 'நிலைபேற்றுப் பொருளாதாரம்' என்னும் கருத்துடைய ஆங்கில நூலை எழுதினார். நிலத்தடியிலுள்ள கரியும் எண்ணெயும் போல எடுக்க எடுக்கக் குறைவன ஒருவகை. காட்டு விளைவும் ஆற்றுநீரும் போல ஆண்டுதோறும் ஊறிவருவன மற்றொருவகை. முதல் வகையை நம்பிய வாழ்வு நில்லாது என்பதும், இரண்டாம் வகையைத் தழுவிய வாழ்வே நிற்கும் என்பதும் அவர் கொள்கை. பொட்டலம் முதல் வகையின் பொருள். சீயக்காய் இரண்டாம் வகையின் பொருள். அரைநிமிடம் பயன்படும் ஓர் உறைக்காக, பல கோடி ஆண்டுகளாய் நிலத்தடியில் விளைந்த எண்ணெயைச் செலவிடுகின்றோம். எனினும், ஊறிவருவதும் அளவின்றிப் பறித்தால் வற்றும். கொடியை வெட்டாது காயை மட்டும் பறிக்கும் மலைவாழ் மக்களுக்கு உரிய விலை சென்று சேர்ந்தாலன்றி, இதுவும் நிலைபெறாது.

செய்துகொள்ள இயலாதவற்றை வாங்கத்தான் வேண்டும். அப்பொழுது உறையை என் செய்வது? இதற்கு விடை நம் நாட்டிலேயே உண்டு. சிக் ஷாம்புவின் தொடக்க நாளில், வெறும்பொட்டலங்கள் சில கொணர்ந்தார்க்கு நிறைபொட்டலம் ஒன்றை விலையின்றிக் கொடுக்கும் திட்டம் ஒன்று நடந்தது. விற்பனையைப் பெருக்குதற்குச் செய்ததே ஆயினும், வெறும்பொட்டலத்திற்கு ஒரு மதிப்பு வைத்தவுடன் மக்கள் அதனை எறியாது சேர்த்து வைத்தனர் என்பது அதனாற் பெறப்படும் உண்மை. நீலகிரி மாவட்டத்தில், உடைந்த மதுக்குப்பிகள் யானையின் காலைப் புண்படுத்தியது காரணமாக, சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டலால் 2022-ஆம் ஆண்டில் ஒரு முறை கொணரப்பட்டது. குப்பிக்குப் பத்து ரூபாய் மிகுதியாகப் பெறுவர். வெறுங்குப்பியைத் தந்தால் அப்பத்து ரூபாயும் திரும்பும். குப்பிகளுட் பெரும்பாலன திரும்பின. மதுவருந்தியவரையும் குப்பியைத் திருப்பித் தரச் செய்த அம்முறை, கல்வி கற்கும் நம்மிடத்துப் பயன்தராது போகுமோ?

ஆகவே, விடுதித் தோழர் முன்னும் விடுதியை நடத்தும் பெரியோர் முன்னும் சில வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கின்றேன். முதலாவது, ஒவ்வொரு குளியலறை வாயிலிலும் ஒரு பெட்டி வைத்தல் வேண்டும்; ஓர் உறையும் அதனைக் கடந்து உள்ளே செல்லலாகாது. இரண்டாவது, ஆண்டுத் தொடக்கத்தில் விடுதியார் சீயக்காயை மூட்டையாய் வாங்கி, மாடியில் உலர்த்தி, ஆலையில் அரைத்து, தளத்திற்கு ஒரு பெட்டியாய் வைத்தல் வேண்டும். உலர்த்தலும் சலித்தலும் மாணவரே முறைவைத்துச் செய்தல் வேண்டும்; சமையற்கட்டிலுள்ள அம்மையாரிடம் அவ்வேலையை ஒப்படைத்தல் கூடாது. மூன்றாவது, சீயக்காய் ஒவ்வாதார்க்கும் விரும்பாதார்க்கும், ஷாம்புவைப் பெரிய கலத்தில் வாங்கி, தத்தம் புட்டியிற் பெற்றுக்கொள்ளும் வசதி வேண்டும். பெருங்கலமும் பிளாஸ்டிக்கே, எனினும் அது விலைபோகும், மீண்டும் பொருளாகும். நான்காவது, தேங்காயெண்ணெயையும் நல்லெண்ணெயையும் செக்கிலிருந்து தகரக்கலத்திற் கொணர்தல் வேண்டும். இவை யாவற்றிற்கும் முன்னதாக, துப்புரவு செய்யும் அம்மையார்க்குக் கையுறையும் தக்க கருவியும் இன்றே அளித்தல் வேண்டும். நாம் திருந்தும் வரையில் அவர் கை காத்திருத்தல் நியாயமன்று.

இருநூறு பேர் செய்வதனால் உலகின் குப்பை குறைந்துவிடுமா என்று ஒரு நண்பர் கேட்டார். உலகின் குப்பை குறையாது. எம் விடுதிச் சலதாரை அடையாது. அவ்வளவே யான் வாக்களிக்கக் கூடியது. ஆயின், இருநூறு பேரும் பின்னர் இருநூறு இல்லங்களுக்குத் தலைவராவர். ஆசிரியராகவும் அதிகாரியாகவும் வணிகராகவும் ஆவர். பொருளொன்றை வாங்கும்போது அதன் மணத்தையும் விலையையும் மட்டுமன்றி, அது விட்டுச்செல்வது யாதென்பதனையும் கேட்கும் வழக்கத்தை இங்குக் கற்றுச்சென்றால், அக்கல்வி வீண்போகாது.

தூய்மை என்பது நம்மிடமிருந்த அழுக்கை மற்றொருவரிடம் மாற்றுதல் அன்று. நம் தலை மின்ன, மற்றொருவர் கை சேற்றில் அமிழுமாயின், நாம் குளித்தோம் என்று கூறிக்கொள்ளலாமேயன்றித் தூயரானோம் என்று கூறிக்கொள்ளல் ஆகாது. மாணவ நண்பர்காள்! மீண்டும் ஐப்பசி வரும், மழை பெய்யும், சலதாரையில் நீர் ஓடவேண்டும். அந்நாளில் அவ்வம்மையார் வாளியோடு வந்து, அடைப்பு ஒன்றும் இல்லையென்று கண்டு, வெறுங்கையோடு திரும்பிச் செல்வாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யான் பெற்றவன் ஆவேன்.